குடியை நிறுத்த உதவும் குழுக் கூட்டங்கள்: தேடுவது முதல் தொடர்ந்து செல்வது வரை

"நான் அந்த அளவுக்கு மோசமில்லை." குடியைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியவர்கள் கூட்டத்துக்குப் போகாமல் இருக்கச் சொல்லும் காரணங்களில் முதலாவது இது. எந்த அளவு என்று திருப்பிக் கேட்டால், வேலை போகவில்லை, குடும்பம் பிரியவில்லை, எங்கும் விழுந்து கிடந்ததில்லை என்று நடக்காதவற்றின் பட்டியல்தான் வரும். குழுக்கள் இந்தக் கணக்கைக் கேட்பதே இல்லை. சுமார் 180 நாடுகளில் இயங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) அமைப்பில் உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஏற்கெனவே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆகவே, 'நான் குடிநோயாளியா, இல்லையா' என்ற வழக்கை வீட்டில் உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பதில்லை. வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கும் வழக்கு அது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் பலர் கூட்டத்தைச் சொற்பொழிவாக நினைத்து, தொடங்கும் நிமிடத்தில் நுழைந்து முடியும் நிமிடத்தில் வெளியேறிவிடுகிறார்கள். பிறகு, 'பெரிதாக ஒன்றும் இல்லை' என்கிறார்கள். அவர்கள் பார்த்தவரை அது உண்மைதான். என் கணக்கில் கூட்டத்தின் பலனில் பாதி, அது தொடங்குவதற்கு முந்தைய கால் மணி நேரத்திலும் முடிந்த பிறகு வரும் அரை மணி நேரத்திலும் இருக்கிறது.

## 1. கூட்டத்துக்கு முன் மருத்துவர்

தினமும் அதிகம் குடிப்பவர்கள், காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகவே குடிப்பவர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள், இல்லாத உருவங்களைக் கண்டவர்கள் ஆகியோர் தாமாகத் திடீரென்று குடியை நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். டெலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படும் கடுமையான மனக்குழப்ப நிலை பொதுவாக 48 முதல் 96 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். சிகிச்சை கிடைக்காவிட்டால் அது உயிரைப் பறிக்கக்கூடியது. மருத்துவரின் கண்காணிப்பில் சில நாட்களுக்குத் தரப்படும் மருந்துகளும் வைட்டமின் பி1-உம் இந்தக் கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடக்க உதவும். அந்த வேலையை எந்த ஆதரவுக் குழுவாலும் செய்ய முடியாது.

உடல் தேறிய பிறகு குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. டைசல்பிராம் வேறு வகை. அதை உட்கொண்டிருக்கும்போது குடித்தால் உடல் கடுமையாக எதிர்வினை காட்டும். அதனால்தான் குடிப்பவருக்குத் தெரியாமல் அதை உணவில் கலந்து கொடுப்பது ஆபத்து. மருந்தும் கூட்டமும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல. 'மாத்திரை சாப்பிட்டால் அது நிஜமான விடுதலை இல்லை' என்று சொல்லும் ஒருவரைச் சில குழுக்களில் சந்திக்க நேரிடலாம். அது அவருடைய சொந்தக் கருத்து. உறுப்பினர் யாரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்பதுதான் ஏ.ஏ. தன் வெளியீடுகளில் சொல்லும் நிலைப்பாடு.

## 2. எந்த வகைக் குழு?

எங்கு தேடினாலும் முதலில் கிடைப்பது ஏ.ஏ.தான். அதன் தொடக்கமே கூட்டங்களின் இயல்பைச் சொல்லிவிடும். 1935 மே மாதத்தில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்பவர், அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு வியாபார முயற்சி கைகூடாமல் போன நிலையில் ஓட்டல் முகப்பில் நின்றுகொண்டிருந்தார். ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியைத் தேர்ந்தெடுத்து, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து அழைக்கத் தொடங்கினார். தன்னைப் போலவே குடியோடு போராடும் இன்னொருவரிடம் பேச வேண்டும் என்பதே அவர் கேட்டது. அப்படிச் சந்தித்தவர்தான் மருத்துவர் பாப் ஸ்மித். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10 அமைப்பின் பிறந்தநாள் ஆனது. அறிவுரை சொல்லும் நிபுணர் யாரும் அந்தச் சந்திப்பில் இல்லை. அதே நிலையில் இருந்த இருவர் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஏ.ஏ. பன்னிரண்டு படிகளைப் பின்பற்றுகிறது. குடியிலிருந்து மீள உறுப்பினர் ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டிய கட்டங்கள் அவை. அவற்றில் கடவுள் வருகிறார், 'நாம் புரிந்துகொண்டபடி' என்ற அடைமொழியோடு. நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது எளிது. இல்லாதவர்களில் சிலர், படிகளில் வரும் 'உயர்ந்த சக்தி' என்பதைக் குழுவாகவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலருக்கு அது தொண்டையில் சிக்குகிறது. சிக்கினால் தவறில்லை. மதச்சார்பற்ற ஏ.ஏ. குழுக்களும் உண்டு, வேறு அமைப்புகளும் உண்டு.

ஸ்மார்ட் ரெகவரி 1994-இல் தொடங்கப்பட்டது. எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்றும் உளவியல் முறைகளின் மேல் அமைந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். குடிப்பதால் கிடைப்பதையும் இழப்பதையும் தாளில் நான்கு கட்டங்களாக எழுதிப் பார்ப்பது போன்ற பயிற்சிகள் இருக்கும். 'நான் குடிநோயாளி' என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. லைஃப்ரிங் குழுக்களும் கடவுளைப் பேசுவதில்லை. இந்த வாரம் எப்படிப் போனது, வரும் வாரத்தில் என்ன இடர் காத்திருக்கிறது என்று உரையாடலாகவே நகரும். பெண்களுக்கு மட்டுமான விமன் ஃபார் சோப்ரைட்டி அமைப்பை ஜீன் கிர்க்பாட்ரிக் 1975-இல் தொடங்கினார். ஆண்கள் நிறைந்த அறையில் பேச முடியாத பல விஷயங்களைப் பெண்கள் அங்கே பேச முடிகிறது. 1877-இல் ஜெனீவாவில் பிறந்த புளூ கிராஸ் கிறிஸ்தவப் பின்னணி கொண்டது.

இவற்றில் எது சிறந்தது? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை எடைபோட்டது. அறவே குடிக்காமல் தொடர்வதில், ஏ.ஏ.வுடன் முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளுக்கு இணையாகவோ அவற்றைவிட மேலாகவோ இருந்தது என்று அது கண்டது. மற்ற குழுக்கள் பயனற்றவை என்பது இதன் பொருளல்ல. கொள்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, அறையில் இருக்கும் மனிதர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. கொள்கை கச்சிதமாகப் பொருந்தி, அழைத்துப் பேச ஒருவரும் இல்லாத குழுவால் இரவு 11 மணிக்கு வேட்கை வரும்போது பயனில்லை.

## 3. கூட்டத்தைக் கண்டுபிடிப்பது

ஏ.ஏ.வுக்கு 'மீட்டிங் கைடு' என்ற இலவசச் செயலி இருக்கிறது. இருக்கும் இடத்தைத் தந்தால் அருகில் நடக்கும் கூட்டங்களையும் நேரத்தையும் காட்டும். ஆனால் எல்லா நாடுகளின் எல்லாக் கூட்டங்களும் அதில் இல்லை. அங்கே இல்லையென்றால் அந்தந்தப் பகுதி அமைப்பின் தளத்தையோ உதவித் தொலைபேசியையோ நாட வேண்டும். மற்ற அமைப்புகளும் தங்கள் தளங்களில் நேர்க்கூட்டங்களையும் இணையவழிக் கூட்டங்களையும் தேடும் வசதி வைத்திருக்கின்றன. மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும் போதை மீட்பு மையங்களும் விசாரிக்க ஏற்ற இடங்கள். பல குழுக்கள் அவர்களுடைய கட்டடத்திலேயே கூடுகின்றன.

பட்டியலில் சில சொற்கள் குழப்பும். 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தினர், மாணவர்கள், சும்மா தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் என யாரும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும், தமக்கு அது இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் மட்டும். 'பேச்சாளர் கூட்டம்' என்றால் ஓரிருவர் தம் கதையை விரிவாகச் சொல்வார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். வாய் திறக்கவே அஞ்சுபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். 'படிக் கூட்டம்' ஒரு படியை எடுத்துக்கொண்டு படித்துப் பேசுவது. முதல் நாளே அதில் போய் உட்கார்ந்தால் பாதியில் தொடங்கிய வகுப்பு மாதிரி இருக்கும்.

பட்டியல்கள் பழசாகியிருக்கும். கட்டடம் மாறியிருக்கலாம், நேரம் மாறியிருக்கலாம். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு நேரே மதுக்கடைக்குத் திரும்பிய கதைகள் உண்டு. ஆகவே அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லையென்றால் இப்படிச் சொன்னால் போதும்:

"வணக்கம். எனக்குக் குடிப் பிரச்சினை இருக்கிறது என்று நினைக்கிறேன். இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. வியாழக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறதா? எந்த வாசல் வழியாக வர வேண்டும்? அங்கே யாரைப் பார்க்க வேண்டும்?"

மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு காலத்தில் இதே அழைப்பைச் செய்தவராகத்தான் இருப்பார். பெயர் கேட்டால் முதற்பெயர் மட்டும் போதும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வாசலில் உங்களை எதிர்பார்த்து ஒருவர் நிற்கிறார் என்பது, கிளம்பும் நேரத்தில் மனம் மாறுவதைத் தடுக்கும்.

## 4. கிளம்பும் நாள்

ஒரே கூட்டத்தை மட்டும் குறித்துவைக்காமல் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று தவறினால் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற நிலை வரக் கூடாது. அன்று குடிக்காமல் போவது நல்லது. குடித்துவிட்டீர்கள் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். அமைதியாக உட்கார்ந்து கேட்பவரைப் பெரும்பாலான குழுக்கள் வெளியேற்றுவதில்லை. அன்றைக்குப் பேச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள். வண்டியை மட்டும் நீங்கள் ஓட்டாதீர்கள்.

தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால்? எல்லோருக்கும் இருக்கும் அச்சம் இது. இருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். அறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதைக் குழுக்கள் மிகுந்த கண்டிப்போடு கடைப்பிடிக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை. அது உறுப்பினர்களின் கண்ணியத்தைச் சார்ந்தது. மருத்துவரையோ வழக்கறிஞரையோ கட்டுப்படுத்தும் தொழில்முறைக் கடமை போன்றது அல்ல. நீதிமன்றம்வரை போகக்கூடிய விஷயங்கள் இருந்தால் பொதுவில் பேசாமல் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

## 5. அறைக்குள்

15 நிமிடம் முன்னதாகப் போங்கள். யாரோ நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் துண்டறிக்கைகளை மேசையில் அடுக்குவார், இன்னொருவர் தேநீர் போடுவார். நீங்கள் வாசலிலேயே நிற்பதைப் பார்த்து, "முதல் தடவையா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அறை உங்களிடம் நடந்துகொள்ளும் விதம் மாறும். உங்கள் கை நடுங்குவதைக் கவனித்தவர், கோப்பையைப் பாதி மட்டும் நிரப்பி நீட்டுவார். நடுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். நாற்காலி போட உதவட்டுமா என்று கேளுங்கள். என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் தர்மசங்கடத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

கூட்டம் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஏ.ஏ.வில் அமைப்பின் நோக்கத்தை ஒருவர் வாசிப்பார். சில இடங்களில் படிகளையும், குழுக்கள் இயங்க வேண்டிய விதத்தைச் சொல்லும் 'மரபுகளையும்' வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள்: "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி." எல்லோரும் ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். முதல் முறை கேட்கும்போது இது சற்று நாடகத்தனமாகவே தோன்றும். பேசுபவரை இடைமறிப்பதோ, அவர் சொன்னதற்கு அறிவுரை கூறுவதோ பொதுவாக வழக்கமில்லை. ஸ்மார்ட் ரெகவரியிலும் லைஃப்ரிங்கிலும் பதில் பேசலாம். ஏதாவது ஒரு கட்டத்தில் பணத்துக்கான பை அல்லது கூடை சுற்றிவரும். ஏ.ஏ. வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. வாடகையும் தேநீர்ச் செலவும் உறுப்பினர்களுடையது. புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. கூடையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். குடிக்காத நாட்களைக் குறிக்கும், நாணயம் போன்ற வில்லைகளைச் சில குழுக்கள் வழங்கும். முதல் வில்லை 24 மணி நேரத்துக்கு. எழுந்துபோய் வாங்கிக்கொள்வதும் வாங்காததும் உங்கள் விருப்பம்.

எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'இவர் சிறைக்குப் போயிருக்கிறார், நான் போகவில்லை', 'இவர் விடியற்காலையிலேயே குடித்தார், நான் இரவில்தான் குடிக்கிறேன்' என்று மனம் வேற்றுமைகளை எண்ணிக்கொண்டே இருக்கும். சம்பவங்களை விட்டுவிட்டு அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உணர்வைக் கேளுங்கள். பாட்டிலை ஒளித்துவைத்த இடம் மாறலாம். அலமாரிக் கதவைச் சத்தம் வராமல் மூடும்போது இருந்த அந்த உஷார் மாறாது.

## 6. பேசும் முறை வரும்போது

"இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்" என்று சொன்னால் அடுத்தவரிடம் போய்விடும். பேச நினைத்தால் இரண்டு மூன்று நிமிடம் போதும். முழு வாழ்க்கை வரலாறு வேண்டாம். ஏன் இன்று வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: "நேற்று இரவு மகளைப் பள்ளி விழாவிலிருந்து அழைத்துவரக் கிளம்பும் நிலையில் நான் இல்லை. அவள் தோழியின் அப்பா கொண்டுவந்து விட்டார். அதனால் வந்தேன்." இப்படி ஒரு துண்டு போதும். கூட்டம் முடிந்ததும் தனக்கும் அப்படி நடந்ததாகச் சொல்ல யாராவது உங்களைத் தேடி வருவார்.

## 7. முடிந்த பிறகு

நாற்காலிகளை அடுக்கிவைக்க நில்லுங்கள். அப்போதுதான் தொலைபேசி எண்கள் கைமாறுகின்றன. குறைந்தது இரண்டு பேரின் எண்களை வாங்குங்கள். மறுநாள் பிரச்சினை எதுவும் இல்லாதபோதே ஒருவரை அழைத்து, "நேற்று சந்தித்தோமே, சும்மாதான் அழைத்தேன்" என்று சொல்லிவிடுங்கள். அசட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் சாதாரண நாளில் ஒருமுறைகூட அழைக்காத எண்ணை, பாட்டில் எதிரில் இருக்கும் இரவில் அழைக்க எவருக்கும் விரல் எழாது.

வேறு விதமாக அணுகுபவர்களும் இருக்கலாம். புதியவர்களின் பலவீனமான நேரத்தைப் பயன்படுத்திக் காதல் பேசுவது, கடன் கேட்பது, வியாபாரத்தில் சேர்ப்பது எல்லாம் கூட்டங்களில் நடக்காதவை அல்ல. தனியே வரச் சொல்லி வற்புறுத்துபவரிடமிருந்து விலகி, குழுவின் செயலாளரிடம் சொல்லுங்கள். குழுவே அதைக் கண்டுகொள்ளவில்லையென்றால் குழுவை மாற்றுங்கள். ஏ.ஏ.வில் ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி கொண்டது. ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு இருக்காது.

## 8. எத்தனை முறை, எவ்வளவு காலம்

தொடக்கத்தில் 90 நாட்களில் 90 கூட்டங்கள் என்பது ஏ.ஏ. வட்டாரங்களில் பல காலமாகச் சொல்லப்படும் யோசனை. அது விதி அல்ல. வேலை, குழந்தைகள், தூரம் என்று பார்த்தால் பலருக்கு நடக்காத காரியம். நேர்க்கூட்டம் வாரம் இரண்டு, இடைப்பட்ட நாட்களில் இணையவழிக் கூட்டம் என்று கலந்துகொள்ளலாம். இணையவழியில் கேமராவை அணைத்துவைத்துக் கேட்க முடியும், எந்த நேரத்திலும் உலகின் ஏதோ ஒரு மூலையில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். குறை என்னவென்றால், முடிந்ததும் திரை கறுத்துவிடும். நாற்காலி அடுக்கும் நேரம் அங்கே இல்லை. முடிந்தபின் பேச நேரம் ஒதுக்கும் இணையக் குழுக்களைத் தேடிப் பிடியுங்கள்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக முறையையே ஒதுக்காதீர்கள். ஐந்தாறு வெவ்வேறு கூட்டங்களைப் பார்த்த பிறகு, எதில் மனம் தளர்ந்து உட்கார முடிகிறதோ அதையே நிரந்தரமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே கிழமை, ஒரே அறை, ஒரே முகங்கள். நீங்கள் வராத நாளில் 'எங்கே அவர்?' என்று யாராவது கேட்கும் நிலை வர வேண்டும். அதற்குச் சுலபமான வழி, ஒரு சின்னப் பொறுப்பை ஏற்பதுதான். தேநீர்ப் பொறுப்பு உங்களுடையது என்றால், மழை பெய்தாலும் போவீர்கள்.

## 9. ஸ்பான்சர்

பன்னிரண்டு படிகளில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரை ஸ்பான்சர் என்பார்கள். நன்றாகப் பேசுபவர் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். குடிக்காமல் ஓராண்டுக்கு மேல் இருப்பவரா, அவருக்கும் ஒரு ஸ்பான்சர் இருக்கிறாரா, அழைத்தால் எடுக்கிறாரா என்று பாருங்கள். ஆண்களுக்கு ஆணும் பெண்களுக்குப் பெண்ணும் என்பது பொதுவான வழக்கம், காதல் சிக்கல் வராமல் இருப்பதற்காக. "தற்காலிகமாக எனக்கு ஸ்பான்சராக இருப்பீர்களா?" என்று கேட்பது இரு தரப்புக்கும் வசதி. பொருந்தவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு மாறலாம். அவர் மருத்துவரோ, கடன் தருபவரோ, திருமண ஆலோசகரோ அல்ல. உங்கள் மருந்து, வேலை, மணவாழ்க்கை குறித்து உத்தரவு போடத் தொடங்கினால் அது எல்லை மீறல்.

## 10. மீண்டும் குடித்துவிட்டால்

அன்றே யாரையாவது அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், அதே குழுவுக்கே போங்கள். வெட்கத்தால் குழுவை மாற்றுபவர்கள் பெரும்பாலும் எங்கும் போகாமல் நின்றுவிடுகிறார்கள். ஏ.ஏ.வில் நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். கற்றுக்கொண்டது எதுவும் அழியாது. உடல் விஷயத்தில் மட்டும் கவனம். சில வாரங்கள் குடிக்காமல் இருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. பலமுறை நிறுத்தித் தொடங்கியவர்களுக்கு நடுக்கமும் வலிப்பும் முன்பைவிடக் கடுமையாக வரலாம் என்பதால், சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடியும் மருத்துவரிடமிருந்து தொடங்குங்கள்.

## வீட்டில் இருப்பவர்களுக்கு

குடிப்பவரைக் கூட்டத்துக்கு அனுப்புவது எப்படி என்று கேட்டு வருபவர்கள் குடும்பத்தினர்தான். கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைப்பதால் பெரும்பாலும் சண்டைதான் வளரும். அவர் தயாராக இல்லாதபோதும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸும் அவருடைய தோழியும் சேர்ந்து 1951-இல் அல்-அனான் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்குமான கூட்டங்கள் அவை. பதின்வயதினருக்கு அதன் கீழ் அலட்டீன் இருக்கிறது. குடிப்பவர் எங்கேயும் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். அவருக்காக அலுவலகத்தில் பொய் சொல்வதை எப்போது நிறுத்துவது, கடனை யார் அடைப்பது, இரவில் கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்விகளோடு போராடியவர்கள் அங்கே இருப்பார்கள். அவரே என்றாவது "நீயும் வருகிறாயா?" என்று கேட்டால், திறந்த கூட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கூடவே போங்கள், உள்ளே போனதும் நான்கு நாற்காலி தள்ளி உட்காருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவர் உங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசுவார்.